ஏடு பெயர்த்தலும் டிஜிட்டல் படிவமும்

பனையோலைச் சுவடி அழியாப் பொருளன்று. நன்கு பதப்படுத்தி எழுதப்பெற்ற ஓலையும் நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைப்பது அரிது. செல்லும் இராமபாணப் பூச்சியும் அதற்கு முன்னரே பல சுவடிகளை அழித்துவிடுகின்றன. அவ்வாறாயினும், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட செய்யுட்கள் இன்று நம் கைக்கு எட்டியுள்ளன. ஓலை நிலைத்ததனால் அவை எஞ்சவில்லை. ஓர் ஏடு பழுதுறுமுன் அதனைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதும் வழக்கத்தை ஒவ்வொரு தலைமுறையும் கைக்கொண்டமையாலேயே அவை எஞ்சின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுக்கலை பரவியபோது இவ்வழக்கம் படிப்படியாக நின்றது. அச்சேறிய நூல்கள் பிழைத்தன. அச்சேறாத வைத்தியம், சோதிடம், கணக்கு, ஊர்வரலாறு, நில உரிமை ஆகியன பற்றிய ஏடுகளிற் பல கடைசிப் பிரதியாகவே தங்கிவிட்டன. அவற்றைப் பெயர்த்தெழுத இன்று எழுத்தாணி பிடிப்போர் இலர். அப்பணியைச் செய்யவல்ல சாதனமாக டிஜிட்டல் காமிராவும் கணிப்பொறியும் அமைந்துள்ளன. ஆயின் கருவி இருப்பது மட்டும் போதாது. அதனை முறைப்படி கையாளக் கற்றல் வேண்டும்.

ஐதராபாத்தில் நடைபெறும் பணி

செகந்தராபாத்தைச் சேர்ந்த மாரெட்பள்ளி, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் ஒன்று. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், தார்நாக்காவில், தெலங்கானா அரசு ஆவணக் காப்பகம் உள்ளது. பாமனி, குதுப்ஷாஹி, முகலாய, ஆசஃப்ஜாஹி ஆட்சிகளைச் சேர்ந்த நான்கு கோடிக்கு மேற்பட்ட ஆவணங்கள் இங்குப் பேணப்படுகின்றன. இவற்றிற் பெரும்பகுதி பாரசீக மொழியில் அமைந்தவை. இவ்வாவணங்களைச் செப்பனிட்டு டிஜிட்டல் வடிவில் படியெடுப்பதற்குப் புதுதில்லியிலுள்ள நூர் பன்னாட்டு நுண்படல மையத்துடன் 2022-ஆம் ஆண்டில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளப்பட்டது.

இத்தகைய பணியின் அவசரத்தை ஐதராபாத் நகரத்தார் நன்கு உணர்வர். 1908-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மூசி ஆறு பெருகி வந்தபோது நகரின் பெரும்பகுதி ஒரே நாளில் பாழாயிற்று. பின்னர் 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றுடன் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் மறைந்தன. 2005-இல் தோன்றிய நூலகம் என்னும் அமைப்பு ஈழத்து நூல்களையும் இதழ்களையும் டிஜிட்டல் படிவமாக்கி வருகின்றது. எனினும், எரிந்த ஒற்றைப் பிரதிகளை எந்த முயற்சியாலும் மீட்டல் இயலாது. படியெடுக்கும் பணி விபத்துக்கு முன்னரே நிறைவுறல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

படமெடுக்கும் முறை

முதற்கண் சுவடியை மென்மயிர்த் தூரிகையால் தூசு நீக்குக. காய்ந்து விறைத்த பனையோலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுதல் வழக்கம். ஆயின் மையால் எழுதப்பெற்ற ஓலைக்கும் தாளுக்கும் எண்ணெய் ஆகாது. கிழிந்த தாளின்மேல் பசைநாடா ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடேற்றி ஒட்டுவிப்பதும் மீளாக் கேட்டை விளைப்பன. ஐயம் தோன்றுமிடத்து எதுவும் செய்யாது, பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரை நாடுதலே நன்று.

காமிராவைத் தாங்கியில் பொருத்தி, ஏட்டிற்கு நேர் மேலே நிறுத்தல் வேண்டும். இருபுறத்திலிருந்தும் ஒரே அளவான ஒளி விழுதல் வேண்டும். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோலும் நிற அட்டையும் இடம்பெறுதல் இன்றியமையாதது. இவை இல்லாத படத்தைக் கொண்டு ஏட்டின் உண்மை அளவையோ நிறத்தையோ எவரும் அறிய இயலாது.

எவ்வளவு நுட்பமான படம் தேவை என்பதை எளிய கணக்கால் அறியலாம். 40 செண்டிமீட்டர் நீளமுள்ள ஓர் ஏட்டை, அகலவாட்டில் 6,000 புள்ளிகளைப் பதிக்கும் காமிராவால் முழுமையாக எடுத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 15 புள்ளிகள் கிடைக்கும். 3 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்து 45 புள்ளிகளால் அமையும். இது தெளிவாகப் படித்தற்குப் போதுமானது. அதே ஏட்டை 1,500 புள்ளிகளில் எடுத்தால் எழுத்துக்குக் கிடைப்பவை 11 புள்ளிகளே. ஏட்டில் முன்னரே மயங்கிக் கிடக்கும் ‘க’வும் ‘த’வும் அப்படத்தில் பிரித்தறிய இயலாதனவாகும்.

மூலப்படத்தைத் தரம் குறையாத டிஃப் வடிவில் வைத்தல் வேண்டும். ஜேபெக் வடிவம் இடத்தைச் சுருக்கும் பொருட்டு நுண் விவரங்களை நீக்கிவிடுவதாதலின், அதனைப் பார்வைப் பிரதிக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

படத்தோடு இணைந்த குறிப்பு

பழைய ஏடுகளின் இறுதியில், எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் வழக்கம் உண்டு. அக்குறிப்பு இல்லையேல் பல சுவடிகளின் காலத்தை நாம் அறிந்திருக்கமாட்டோம். டிஜிட்டல் படிவத்திற்கும் அத்தகைய குறிப்பே உயிர்நாடி. சுவடியின் எண், உரிமையாளர் இசைவு, கிடைத்த ஊர், மொழி, எழுத்து வகை, ஏடுகளின் எண்ணிக்கை, நீள அகலம், விடுபட்ட ஏடுகள், படமெடுத்த நாள், எடுத்தவர் பெயர் ஆகியன ஒரு பட்டியலில் அன்றன்றே பதியப்படல் வேண்டும். கோப்பின் பெயரில் சுவடி எண்ணும் ஏட்டெண்ணும் முன்பக்கமா பின்பக்கமா என்பதும் விளங்குதல் நலம். குறிப்பற்ற ஆயிரம் படங்கள், கட்டு அவிழ்ந்து கலைந்த ஆயிரம் ஏடுகளுக்கு ஒப்பானவை.

பிரதிகளைக் காத்தல்

மேற்கூறிய அளவில் எடுத்து, ஏட்டளவுக்கு வெட்டியமைத்த ஒரு படம் ஏறத்தாழ ஒன்பதரை மெகாபைட் இடம் கொள்ளும். 150 ஏடுகள் கொண்ட சுவடிக்கு 300 படங்கள். மொத்தம் மூன்று கிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. இதனை மூன்று பிரதிகளாக, இருவேறு வகைச் சாதனங்களில், ஒன்றேனும் வேற்றூரில் இருக்குமாறு வைத்தல் வேண்டும். ஒவ்வொரு கோப்பிற்கும் கணிப்பொறி கணித்துத் தரும் சரிபார்ப்பு எண்ணைக் குறித்து வைத்து, ஆண்டுதோறும் ஒப்பிட்டு நோக்கின் ஏதேனும் ஒரு கோப்பு சிதைந்திருப்பது உடனே புலனாகும்.

வன்தட்டு சில ஆண்டுகளில் பழுதுறக்கூடியது. பனையோலையின் ஆயுளில் அது பத்தில் ஒரு பங்குதானும் தாங்கும் என்பதற்கில்லை. ஆதலின் டிஜிட்டல் படிவமும் காலந்தோறும் புதிய சாதனத்திற்குப் பெயர்க்கப்படல் வேண்டும். முன்னோர் நூற்றாண்டுக்கு ஒருமுறை செய்த பணியை நாம் ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யவேண்டியவராகின்றோம். பெயர்ப்பது எளிதாயிற்று, பெயர்க்கவேண்டும் என்னும் கடமை நீங்கவில்லை.

ஆராய்ச்சிக்குப் பயன்

உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஒரு நூலைப் பதிப்பிக்கப் பல ஊர்களுக்கும் சென்று பிரதிகள் தேடி, பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கினார். இன்று வெவ்வேறு நிலையங்களிலுள்ள பிரதிகளின் படங்களை ஒரே திரையில் அருகருகே வைத்து நோக்கலாம். மை மங்கிய ஏட்டைச் சாய்வான ஒளியில் படமெடுத்தால், எழுத்தாணி கீறிய தடம் நிழலாகத் தோன்றும். ஏட்டில் மீண்டும் கரி பூசவேண்டுவதில்லை. படித்த பாடத்தை யூனிகோடு முறையில் பதிந்தால் சொல்தேடல் இயலும். நில ஆவணங்களிற் காணும் பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 2019-ஆம் ஆண்டில் யூனிகோடில் சேர்க்கப்பட்டமையால், முந்திரி, காணி முதலியவற்றை உள்ளவாறே எழுதலாம்.

ஆசிரியரும் களப்பணியாளரும்

நடுவண் அரசு 2003-இல் தேசியச் சுவடிகள் இயக்கத்தைத் தொடங்கிற்று. 2025-26-ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில், ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துப் பேணும் ஞானபாரதம் இயக்கம் அறிவிக்கப்பட்டது. கல்வி நிலையங்களிலும் தனியாரிடத்தும் உள்ள சுவடிகளும் இதில் அடங்கும். பரணிலும் பூசையறையிலும் கிடக்கும் ஏடுகளை இன்னவிடத்தில் உள்ளன என்று முதலில் அறிபவர் அவ்வூர் ஆசிரியரும் களப்பணியாளருமே ஆவர்.

இப்பணிக்கு உயர்ந்த கருவிகள் கைவரும் வரை காத்திருத்தல் வேண்டா. மாணவரைக் கொண்டு, தத்தம் இல்லங்களிலுள்ள பழைய ஏடு, கடிதம், பத்திரம், புகைப்படம் ஆகியவற்றின் பட்டியலை முதலில் அமைக்கலாம். உரிமையாளர் இசைவுடன் கைபேசியால் எடுத்த அடையாளப் படமும், அளவும், குறிப்பும் சேர்ந்தால் அதுவே நல்ல தொடக்கமாகும். படமெடுத்தபின் மூலத்தைப் புறக்கணித்தலும் விற்றுவிடுதலும் கூடா என்பதையும் எடுத்துரைத்தல் வேண்டும். ஓலையின் வகையும் கீறலின் ஆழமும் மையின் இயல்பும் மூலத்தில் மட்டுமே ஆராயத்தக்கன. நாளை வரும் நுட்பமான கருவிக்கும் அம்மூலமே தேவைப்படும்.