கோதுமை தந்த லூதியானா நீரைச் சேமிக்க வழி தேடுகிறது

பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், உழவர் விழா நடைபெறுகிறது. அங்குள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1967-ல் தொடங்கிய இவ்விழாவில் பெருங்கூட்டம் நிற்பது விதை விற்கும் இடத்தில்தான். புதிய இரகத்தின் விதையைச் சிறு பையில் வாங்கிச் சென்று, நிலத்தின் ஒரு மூலையில் விதைத்துப் பார்த்து, மறுபருவத்திற்கு வேண்டியதைத் தாமே பெருக்கிக் கொள்ளும் உழவர்கள் பலர்.

1962-ல் நிறுவப்பட்ட இப்பல்கலைக்கழகத்தை 1963 ஜூலையில் பிரதமர் நேரு முறைப்படி தொடங்கி வைத்தார். லூதியானா என்றதும் கோதுமைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மெக்சிகோவிலிருந்து வந்த குட்டை வகைகளில் தேர்வு செய்து இங்கு வெளியிடப்பட்ட கல்யாண் சோனா, அறுபதுகளின் இறுதியில் வட இந்தியா முழுவதும் பரவியது. 'கல்யாண்' என்பது அதை உருவாக்கிய டாக்டர் தில்பாக் சிங் அத்வாலின் சொந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்ததாகும். சில ஆண்டுகளில் துரு நோய்க்கு அது இரையாயிற்று. 1995-ல் வெளியான பி.பி.டபிள்யூ. 343 என்ற இரகமும் பல ஆண்டுகள் கோலோச்சிவிட்டு மஞ்சள் துரு நோயிடம் தோற்றது. நல்ல இரகம் ஒன்று கிடைத்துவிட்டால் ஆராய்ச்சியாளர் ஓய்வெடுக்கலாம் என்பதில்லை.

கம்பும் தேனீயும்

நம் மானாவாரி உழவர்களுக்கு நெருக்கமான பணி ஒன்றும் இங்கு நடந்துள்ளது. கம்பின் பூ மிகச் சிறியது. ஆண் உறுப்பைக் கையால் நீக்கி ஒட்டு விதை உண்டாக்குவது நடைமுறையில் இயலாத காரியம். அமெரிக்காவின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த, மகரந்தம் உண்டாகாத டிஃப்ட் 23ஏ என்ற தாய் வழியைக் கொண்டு, அத்வால் குழுவினர் எச்.பி. 1 என்ற வீரிய ஒட்டுக் கம்பை உருவாக்கினர். 1965-ல் வெளியிடப்பட்ட இதுவே நாட்டின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு. விளைச்சல் பெருகியது. ஆனால் அடுத்தடுத்து வந்த ஒட்டுகளுக்கும் அதே தாய் வழியே பயன்பட்டதால், எழுபதுகளின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் தாக்கியபோது எல்லாம் ஒன்றாகச் சாய்ந்தன. நோயைத் தாங்கும் வேறு தாய் வழிகளைத் தேடும் வேலை அதன் பின்னரே வேகம் பெற்றது.

இத்தாலியத் தேனீயை இந்தியாவில் நிலைக்கச் செய்ததும் இப்பல்கலைக்கழகத்தாரே. அப்போது பஞ்சாபிலும் இப்போது இமாசலப் பிரதேசத்திலும் உள்ள நக்ரோட்டா பக்வானில் 1962-ல் டாக்டர் ஏ.எஸ். அத்வால் இம்முயற்சியைத் தொடங்கினார். நாட்டுத் தேனீக் குடும்பத்தின் இராணியை நீக்கிவிட்டு, இத்தாலிய இராணியை அதில் ஏற்கச் செய்தனர். புதிய இராணி இடும் முட்டைகளை நாட்டுத் தேனீக்களே வளர்க்க, கூடு சிறிது சிறிதாக இத்தாலியக் கூடாக மாறியது. இன்று தமிழ்நாட்டிலும் இத்தேனீ வளர்க்கப்படுகிறது.

நெல் கொண்டு வந்த சிக்கல்

இவற்றையெல்லாம்விடச் சிறு உழவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டியது, நீர் பற்றி லூதியானாவில் நடைபெறும் ஆராய்ச்சியே. 1960-61-ல் பஞ்சாபில் நெல் பயிரான பரப்பு சுமார் இரண்டேகால் இலட்சம் எக்டேர். இன்று 30 இலட்சம் எக்டேருக்கும் அதிகம். பல்கலைக்கழகத்தின் நெல் இரகங்கள், அரசின் கொள்முதல் விலை, இலவச மின்சாரம் ஆகிய மூன்றும் சேர்ந்து, நெல் உண்ணும் பழக்கம் அதிகமில்லாத மாநிலத்தை நெல் மாநிலமாக்கின. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. ஆண்டுதோறும் நிலத்தடியில் ஊறும் நீரைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் அங்கு இறைக்கப்படுகிறது. கிணற்றை மேலும் ஆழப்படுத்தப் பணமில்லாதவர்தாம் இதில் முதலில் அடிபடுகிறார்.

மே மாதக் கடும் வெயிலில் நட்ட வயலில் நீர் பெருமளவு ஆவியாகிறது. மழை நெருங்கும்போது நட்டால் இந்த இழப்பு குறையும் என்று மண்ணியல் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினர். இதனை அடிப்படையாகக் கொண்டு 2009-ல் பஞ்சாபில் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மே 10-க்கு முன் நாற்றங்கால் விடக்கூடாது, ஜூன் 10-க்கு முன் நடக்கூடாது என்று அது விதித்தது. பின்னர் இத்தேதிகள் பலமுறை மாற்றப்பட்டன.

வயலில் எந்நேரமும் நீர் நிற்க வேண்டியதில்லை என்பது மற்றொரு பரிந்துரை. நட்ட இரண்டு வாரம் வரை நீர் நிறுத்தி, பின்னர் கட்டிய நீர் வடிந்து இரண்டு நாள் கழித்து அடுத்த நீர் பாய்ச்சினால் போதும். இதற்கென எளிய ஈரமானி ஒன்றையும் உருவாக்கியுள்ளனர். நீர் நிரப்பிய குழாயின் அடியில் நுண்துளைகள் உள்ள பீங்கான் கிண்ணம் இருக்கும். மண் காயும்போது கிண்ணத்தின் வழியே நீரை உறிஞ்சும். குழாயில் நீர்மட்டம் இறங்கும். மட்டம் பச்சைப் பட்டையில் நின்றால் பாய்ச்ச வேண்டாம். மஞ்சள் பட்டைக்கு வந்ததும் பாய்ச்ச வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தலாம். ஆனால் மின்சாரம் இலவசமாக வரும் வரை மோட்டாரை நிறுத்தி வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும் என்பது வேறு கேள்வி.

நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல்லை அறுத்துக் கோதுமை விதைக்க இரண்டு, மூன்று வாரமே கிடைத்தது. கோதுமையைக் காலந்தாழ்த்தி விதைத்தால் மணி முற்றும் வேளையில் வெயில் பிடித்து விளைச்சல் குறையும். நம் பக்கத்தில் வைக்கோலை மாட்டுக்குச் சேமிக்கிறோம். அங்கு மாடுகளுக்குக் கோதுமைத் தாளே பெரும்பாலும் தீவனம். எனவே அறுவடை இயந்திரம் விட்டுச் சென்ற நெல் தாளுக்குத் தீ வைப்பது பரவியது. நீரைக் காக்கச் செய்த ஏற்பாடு, வேறு காரணங்களோடு சேர்ந்து, புகையைப் பெருக்கிவிட்டது. தாளோடு அதிலுள்ள தழைச்சத்தும் எரிந்து வீணாகிறது.

இதற்கு விடையாக வந்தவற்றுள் முக்கியமானது, 2016-ல் வெளியிடப்பட்ட பி.ஆர். 126 என்ற நெல் இரகம். நாற்றங்கால் உட்பட ஏறத்தாழ 123 நாட்களில் முற்றிவிடும். நடவைத் தாமதித்தாலும் கோதுமைக்கு நேரம் மிச்சமாகும், நீரும் குறைவு. மற்றொன்று, ஆஸ்திரேலிய ஒத்துழைப்புடன் உருவான 'ஹேப்பி சீடர்' என்ற விதைப்புக் கருவி. நெல் தாளை வெட்டி ஒதுக்கியபடியே கோதுமையை விதைத்து, தாளை மூடாக்காக விட்டுச் செல்லும். கருவி நல்லதுதான். ஆனால் அதை இழுக்கப் பெரிய டிராக்டர் வேண்டும். ஆண்டில் சில வாரமே பயன்படும் கருவியைச் சிறு உழவர் எப்படி வாங்குவார்? கூட்டுறவுச் சங்கத்தில் வாடகைக்குக் கிடைத்தால்தான் உண்டு. அதுவும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தேவைப்படும். செலவு குறைந்த வேறு விதைப்பு முறைகளைப் பல்கலைக்கழகம் பின்னர் கொண்டு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

உரத்தில் இவ்வளவு தொல்லை இல்லை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இலை வண்ண அட்டையை லூதியானா தன் நெல்லுக்குச் சோதித்துப் பரிந்துரைத்துள்ளது. நட்ட 14-ம் நாள் முதல் வாரம் ஒருமுறை, பத்து குத்துகளில் மேலே நன்கு விரிந்த இலையை அட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் 4-ம் எண் நிறத்தைவிட வெளிறியிருந்தால் ஏக்கருக்கு 25 கிலோ யூரியா. இல்லையெனில் அந்த வாரம் யூரியா வேண்டாம். பூக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். தமிழ்நாட்டிலும் இவ்வட்டை பரிந்துரையில் உள்ளது. இங்கு வெள்ளைப் பொன்னிக்கு 3-ம் எண்ணும் மற்ற இரகங்களுக்கு 4-ம் எண்ணும் அளவாகும். யூரியாவின் அளவு பருவத்திற்கேற்ப மாறும் என்பதால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிந்து இடவும். இலையைப் பறிக்காமல், வெயில் நேரே படாதபடி உடல் நிழலில் வைத்து, காலை 8 முதல் 10 மணிக்குள் பார்ப்பது நல்லது.