பழைய கதிர்வீச்சும் புதிய காய்ச்சலும்

புற்றுநோய் குணமாகி இருபது வருடம் ஆன ஒருவர் காய்ச்சலோடு மருத்துவரிடம் போகிறார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார். அன்று மார்பில் ‘கரண்ட்’ (கதிர்வீச்சு) வைத்ததைச் சொல்லத் தோன்றாது. என்றோ தீர்ந்த நோய்க்கும் இன்றைய காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. கதிர்வீச்சும் வைரஸும் இதயத்தின் ரத்தக்குழாய்களில் ஒரே இடத்தில்தான் கைவைக்கின்றன.

அந்த இடம், எண்டோதீலியம் எனப்படும் உட்படலம். கனம் ஒரே ஒரு செல்தான். ஆனால் குழாய் எப்போது விரிய வேண்டும், ரத்தம் எங்கே உறையக் கூடாது என்பதையெல்லாம் இதுதான் பார்த்துக்கொள்கிறது. இதயத் தசைச் செல்கள் பெரும்பாலும் பிரிந்து பெருகுவதில்லை. அதனால் கதிர்வீச்சு இதயத்தை அவ்வளவாகப் பாதிக்காது என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். தசை தாங்கியது, உட்படலம் தாங்கவில்லை. அங்கே கிளம்பும் அழற்சி அடங்காமல் நீடிக்கிறது. நுண்குழாய்கள் குறைகின்றன. பெரிய குழாய்களில் கொழுப்பு படிகிறது. இது வெளியே தெரியப் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகலாம்.

ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பிய 86,611 பேரை 1950 முதல் 2003 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு, உடலில் பட்ட ஒவ்வொரு கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சுக்கும் இதயநோய் மரண அபாயம் சுமார் 14 சதவீதம் கூடுவதாகக் காட்டியது. ஸ்வீடன், டென்மார்க்கில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 2,168 பெண்களைப் பற்றிய ஆய்வு 2013-இல் வெளியானது. இதயத்தில் படும் சராசரி அளவு ஒரு கிரே கூடினால், மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் 7.4 சதவீதம் கூடுகின்றன என்றது அது. முதல் ஐந்தாண்டிலேயே தொடங்கும் அபாயம், இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் போவதில்லை.

கதிர்வீச்சு வருடக் கணக்கில் செய்வதை வைரஸ் சில நாட்களில் செய்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. கோவிட் வந்து மீண்ட 1,53,760 அமெரிக்க முன்னாள் படைவீரர்களை ஓராண்டு கவனித்ததில், மாரடைப்பு அபாயம் 63 சதவீதமும் இதயச் செயலிழப்பு அபாயம் 72 சதவீதமும் கூடியிருந்தன. காய்ச்சலில் இதயம் வேகமாகத் துடிக்கிறது. அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதே நேரத்தில் அழற்சியால் ரத்தம் எளிதில் உறையும் நிலைக்குப் போகிறது. கொழுப்பு படிந்து குறுகிய குழாய் உள்ளவருக்கு இந்த இரண்டும் ஒன்றாக வருவது ஆபத்து.

இவை தனித்தனி ஆய்வுகள். ஒன்றின் சதவீதத்தை இன்னொன்றோடு பெருக்கிப் பயப்படக் கூடாது. அடிப்படை அபாயம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். வேறு இதயப் பிரச்சினை இல்லாத 50 வயதுப் பெண்ணின் இதயத்தில் சராசரியாக 3 கிரே பட்டால், 80 வயதுக்குள் மாரடைப்பு வகை நோயால் இறக்கும் வாய்ப்பு 1.9 சதவீதத்திலிருந்து 2.4 ஆகிறது, அவ்வளவுதான். எப்போதோ எடுத்த மார்பு எக்ஸ்ரே இந்தக் கணக்கிலேயே வராது. அதன் அளவு பல ஆயிரம் மடங்கு குறைவு.

மார்பில் கதிர்வீச்சு பெற்றவர்கள் அந்தச் சிகிச்சைச் சுருக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எந்த ஆண்டு, இடமா வலமா, எத்தனை கிரே, கூடவே டாக்ஸோருபிசின் போன்ற கீமோ மருந்து கொடுத்தார்களா என்ற விவரங்கள் இதய மருத்துவருக்குத் தேவை. அந்த மருந்தும் இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடியது. காய்ச்சல் விட்ட பிறகும் படியேறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, கால் வீக்கம் இருந்தால் ‘காய்ச்சல் அசதி’ என்று தள்ளிப்போடாமல் இசிஜி, எக்கோ பார்த்துவிடுவது நல்லது. நெஞ்சில் அழுத்தமோ வலியோ வந்தால் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம். மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைப் போட்டுப் பார்த்த ஒரு பன்னாட்டு ஆய்வில், அடுத்த ஓராண்டில் மரணம், மறு மாரடைப்பு, ஸ்டென்ட் அடைப்பு ஆகியவை சேர்ந்து 7.2 சதவீதத்திலிருந்து 5.3 ஆகக் குறைந்தன.

இதைப் படித்துவிட்டு யாரும் கதிர்வீச்சுச் சிகிச்சையை மறுத்துவிடக் கூடாது. புற்றுநோய் திரும்பாமல் தடுப்பதில் அதன் பங்கு பெரிது. இடது மார்பில் சிகிச்சை பெறுபவரை இப்போது ஆழமாக மூச்சிழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். நுரையீரல் விரிந்து, இதயம் கதிரின் பாதையிலிருந்து விலகிவிடும். இந்த வசதி இல்லாத காலத்தில் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஏற்கெனவே பட்ட அளவை மாற்ற முடியாது. பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால், புகை நான்கையும் கட்டுக்குள் வைப்பதுதான் அவர்கள் கையில் இருக்கிறது. இதயத்தைக் காப்பதில் அதன் பலனும் சிறியதல்ல.