வாடிவாசலுக்கு வரும் புலிக்குளம் காளை

தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். மதுரை வட்டாரத்தின் ஜல்லிக்கட்டு வரிசை இதுதான். முதலில் கோயில் காளை வரும். அதை யாரும் பிடிப்பதில்லை. அதன்பின் சீறி வரும் காளைகளில் புலிக்குளம் இனத்துக்குத் தனிப் பெயர் உண்டு.

சிவகங்கை மாவட்டத்துப் புலிக்குளம் ஊரின் பெயர் தாங்கிய இம்மாடு நடுத்தர உருவம் கொண்டது. காளைக்குக் கருஞ்சாம்பல் நிறம், மேல்நோக்கி வளைந்த கொம்பு, எடுப்பான திமில். திமிலுக்குள் எலும்பு கிடையாது, தசையும் கொழுப்பும்தான். காளை உடம்பை முறுக்கித் துள்ளும்போது திமில் கைக்குள் நழுவுவது அதனால்தான். மாடுபிடி வீரர் அதை மட்டுமே அணைக்கலாம்; கொம்பையோ வாலையோ பற்றக் கூடாது.

சிவப்பு நிறம் காளையை வெறியேற்றும் என்பது வெறும் நம்பிக்கை. மாட்டின் கண் சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரித்தறியாது. அசைவுதான் அதை உசுப்புகிறது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், நேர் பின்புறம் தவிர ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். காளை வெளியேறும் வாசலான வாடியை ஒட்டி ஒண்டி நிற்கும் வீரர், அது வெளிப்பட்ட கணத்தில் திமிலில் பாய்வார். அந்தக் கணம் தப்பினால் காளை கொம்பைத் திருப்பிவிடும். ஓடாமல் களத்திலேயே சுழன்று எல்லாரையும் ஒதுக்கும் காளையை ‘நின்று விளையாடும் மாடு’ என்று கொண்டாடுவார்கள்.

இதற்கான தயாரிப்பு ஆண்டு முழுக்க நடக்கிறது. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தீவனம். கண்மாயில் நீச்சல், நெடுநடை, கொம்பால் மண்குத்தும் பழக்கம்.

ஆனால் இந்த இனம் பிழைத்திருப்பது கிடையில்தான். பகலில் மந்தையாக மேயும் மாடுகளை, அறுவடை முடிந்த வயலில் இரவு அடைப்பார்கள். சாணமும் கோமியமும் நிலத்துக்கு உரம், கிடைக்காரருக்குக் கூலி. பால் குறைவு என்பதால் உரமும் கன்றுமே அவருக்கு வருமானம். நல்ல காளைக்கன்றைத் தேடி ஜல்லிக்கட்டு வளர்ப்பவர்கள் வருவார்கள்.

அந்த ஜல்லிக்கட்டையே 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் மதுரை தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் இளைஞர்கள் திரண்டபின் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் தனி அரங்கமும் திறக்கப்பட்டது.

களத்துக்குக் கிடைத்த இந்தக் கவனம் கிடை மாடுகளுக்கும் வர வேண்டும். மானாமதுரையில் இந்த இனத்துக்கென ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. மந்தைக்கு அவசரமாக வேண்டியது மேய்ச்சல் நிலம்: கண்மாய்க் கரை, ஊர்ப் புறம்போக்கு, மலையடிவாரம்.