மாதிரிப் புகைவண்டியின் இரைச்சல்

மாதிரிப் புகைவண்டி இரையத் தொடங்கியதும் எண்ணெய்க் குப்பியைத் தேடுதல் நம்மிற் பலர்க்கு வழக்கம். எண்ணெய் இரைச்சலைச் சில நாள் மறைக்கும், பழுதை நீக்காது. ஆதலின், முதலிற் செவிசாய்த்துக் கேட்டலே தக்கதென்போம்.

இங்கிலாந்தில் 1938ஆம் ஆண்டு வெளிவந்த ஹோண்பி டப்ளோ போன்று, 16.5 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின்களையே இங்கு கருதுகின்றோம். இத்தகைய எஞ்சின்கள் பலவற்றில் மோட்டாரின் சுழற்சி, திருகாணிபோற் புரியுடைய சிறு தண்டொன்றினாற் பற்சில்லுக்குச் செல்லும். ஒற்றைப் புரியாயின், தண்டு ஒருமுறை சுழலப் பற்சில்லு ஒரு பல்லளவே நகரும். 30 பற்களுடைய சில்லு ஒரு சுற்று முடிப்பதற்குத் தண்டு 30 முறை சுழலவேண்டும். எனவே, ஒலி எத்துணை விரைவில் மீள்கின்றதென நோக்கின் பழுதுற்ற உறுப்புத் தெரியவரும்.

வேகத்தோடு ஏறியிறங்கும் இடையறாத கீச்சொலி மோட்டாரையோ புரித்தண்டையோ காட்டும். ஒரு திசையில் அமைதியாகவும் மறுதிசையிலோ இறக்கத்திலோ உறுமியும் ஓடுமாயின், தண்டு அளவுக்கு மிஞ்சி முன்பின் அசைகின்றதென ஐயுறலாம். முனையில் மெல்லிய வாஷரொன்றை இடின் உறுமல் பெரும்பாலும் அடங்கும். ஆயினும் மயிரிழையளவு அசைவு இருத்தல் வேண்டும். இன்றேல் தண்டு இறுகி மோட்டார் சூடேறும்.

விட்டுவிட்டு எழும் 'டக், டக்' ஒலி வேறு வகையது. 12 மில்லிமீற்றர் விட்டமுடைய ஓடுசில்லு ஒரு சுற்றில் ஏறத்தாழ 38 மில்லிமீற்றர் செல்லும். அத்தூரத்துக்கு ஒருமுறை ஒலி எழுமாயின், அச்சிலுள்ள பிளாத்திக்குப் பற்சில்லைச் சோதிக்க. உலோக அச்சில் இறுக்கி ஏற்றப்பட்ட அச்சில்லு காலப்போக்கில் வெடிக்க, இரு பற்களின் இடைவெளி அகலும். எதிர்ச்சில்லின் பல் அவ்விடம் வருந்தோறும் இடறும். யாம் ஒருகால் இத்தகைய வெடிப்பைப் பசையிட்டு ஒட்டி, மாலை முழுவதும் மகிழ்ந்திருந்தோம். மறுநாட் காலை மீண்டும் அதே 'டக், டக்'! அவ்வழுவழுப்பான பிளாத்திக்கிற் பசை பற்றாது. புதுச் சில்லே மருந்து.

பழைய கிறீஸ் மெழுகுபோல் இறுகியிருப்பின் அதனை முற்றாக அகற்றிய பின்னரே புதியது இடுக. பிளாத்திக்குக்குத் தீங்கில்லாததெனக் குறிக்கப்பட்ட எண்ணெயே உகந்தது. ஊசிமுனைத் துளி போதும். மிகுந்தால் நூலும் மயிரும் ஒட்டுவதோடு, மோட்டாரின் திசைமாற்றியிற் படிந்து கரித்தூளோடு சேறாகிப் பொறி பறக்கும்.

பின்னர், பெட்டிகள் பூட்டாது, ஒவ்வொரு திசையிலும் அரைமணி நேரம் நடுத்தர வேகத்தில் ஓடவிடுக. புதிய பற்கள் தம்முட் பொருந்தும்வரை மெல்லிய முரலொலி கேட்கும். அதற்கஞ்சி எஞ்சினை மீளக் கழற்றவேண்டுவதில்லை.