நாற்பது நாள் கட்டிப்போட்ட குதிரை

பெரம்பலூர், அரியலூர் ஊர்ப்புறங்களில் அய்யனார் கோயில் முன்னால் நிற்கும் சுடுமண் குதிரைகளுக்குப் பெரும்பாலும் கூரை கிடையாது, கயிறு கிடையாது. வெட்டவெளியில் எல்லையைப் பார்த்தபடி நிற்கும். இதே மண்ணில் உயிருள்ள போர்க்குதிரைகளும் நின்றிருக்கின்றன. கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராக இருந்த காலத்தில் அவை கடல் கடந்து வந்தன. 1751-இல் சந்தா சாகிபின் படையும் ஆங்கிலேயர் படையும் வாலிகண்டபுரத்தில் மோதியபோதும் குதிரைப்படை இருந்தது. அவற்றை லாயத்தில் எப்படி வைத்திருந்தார்கள் என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி.

சோழர் ஆட்சி 1279 வாக்கில் முடிந்து பாண்டியர் கை ஓங்கியிருந்த காலத்தைப் பற்றி வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அரபுக் குதிரைகளை முளையடித்துக் கயிற்றால் கட்டி, நாற்பது நாள் லாயத்திலேயே வைத்து, வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்துக் கொழுக்க வைப்பார்களாம். சில காலத்திலேயே அவை சோர்ந்து, மந்தமாகிப் பயனற்றுப் போகுமாம். மார்க்கோ போலோவும் அதே காலத்துக் கதையைத்தான் சொல்கிறார்: பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவார், ஆண்டு முடிவில் நூறுகூடத் தேறாது. அந்நியர் எழுதிய கணக்கைக் கொஞ்சம் தள்ளியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நாற்பது நாள் கட்டு, கொழுத்த தீனி என்ற இரண்டையும் அப்படித் தள்ளிவிட முடியாது.

காரணம் குதிரையின் வயிற்றில் இருக்கிறது. மேய்ச்சலில் விட்டால் குதிரை ஒரு நாளில் ஏறக்குறைய 16 மணி நேரம் மேயும். நடந்துகொண்டே கடிக்கும், கடித்துக்கொண்டே நடக்கும். அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். அதில் அமிலம் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும், தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். நமக்குச் சாப்பாட்டை நினைத்தாலே வாய் ஊறுகிறது. குதிரைக்கு மென்றால்தான் ஊறும். புல்லை மெல்ல நேரம் பிடிக்கும், தானியம் சீக்கிரம் தீர்ந்துவிடும். மீதி நேரமெல்லாம் காலி வாயும் எரியும் வயிறும்தான்.

அப்போதுதான் நாம் ‘கெட்ட பழக்கம்’ என்று திட்டுகிற காரியங்கள் தலைகாட்டுகின்றன. ஒரு குதிரை தீனித் தொட்டியின் விளிம்பை முன்பற்களால் கவ்வி, கழுத்தை வளைத்து, ஏப்பம்போல் சத்தம் வரக் காற்றை இழுக்கும். இன்னொன்று வாசலில் தலையை நீட்டி, முன்னங்கால்களில் எடையை மாற்றி மாற்றி, மணிக்கணக்கில் இடமும் வலமும் ஆடும். வேறொன்று சுவரோரமாகச் சுற்றிச்சுற்றி வரும். காட்டில் திரியும் குதிரைகளிடம் இவற்றைப் பார்க்க முடிவதில்லை.

இங்கிலாந்தில் வாட்டர்ஸ், நிகோல், ஃபிரெஞ்ச் என்ற மூன்று ஆய்வாளர்கள் 225 குட்டிகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். தாய்ப்பால் மறந்ததும் தானியம் போன்ற அடர்தீனி கொடுக்கப்பட்ட குட்டிகளிடம் விளிம்பு கடிக்கும் பழக்கம் வரும் வாய்ப்பு நான்கு மடங்காக இருந்தது. லாயத்தில் அடைத்துப் பால் மறக்கடித்த குட்டிகளுக்கும் இத்தகைய பழக்கங்கள் கூடுதலாக வந்தன. ஆடும் குதிரையின் குறையோ வேறு. அது கூட்டத்தில் வாழப் பிறந்தது. பக்கத்துக் குதிரை கண்ணில் படும்படி சுவரில் திறப்பு வைத்தால் ஆட்டம் குறைகிறது. கண்ணாடி மாட்டினால்கூடக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு கண்ணாடியைத் துணையாக ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பிராணிக்குத் தனிமை பொறுக்கவில்லை என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இருந்தும் பல இடங்களில் விளிம்பு கடிக்கும் குதிரைக்குக் கழுத்தை இறுக்கும் பட்டைதான் வைத்தியமாக இருக்கிறது. பட்டை பழக்கத்தை நிறுத்துகிறது, காரணத்தைத் தொடுவதில்லை. கழற்றியதும் குதிரை முன்னைவிட அதிகமாகக் கடிப்பதை மெக்ரீவியும் நிகோலும் 1998-இல் பதிவு செய்திருக்கிறார்கள். அடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பதற்றத்தில் இருக்கும் குதிரைக்குப் பதற்றம்தான் கூடும். ஆண்டுக்கணக்கில் ஊறிய பழக்கம் நல்ல வளர்ப்பிலும் முழுதாகப் போவதில்லை, குறையத்தான் செய்யும். அந்தக் குதிரையைக் கடிக்க விட்டுவிட்டு, வயிற்றைக் கவனிப்பதே கருணை.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாக் குதிரைச் சந்தைக்குப் போகிறவர்கள் சுழி பார்த்து வாங்குவார்கள். கூடவே வாயையும் திறந்து பாருங்கள். மேல் முன்பற்களின் விளிம்பு வயதுக்கு மீறித் தேய்ந்திருந்தால் அந்தக் குதிரை எதையோ கவ்விக் கவ்வி நாளைக் கழித்திருக்கலாம். வாங்கக் கூடாது என்றில்லை. வாங்கினால் கொள்ளுத் தீனியைக் குறைத்து, புல்லை நாலைந்து வேளையாகப் பிரித்துப் போட்டு, பகலில் அவிழ்த்துவிட ஒரு துண்டு நிலமும் பக்கத்தில் இன்னொரு குதிரையோ ஒரு ஆடோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.