நெடுந்தீவிலிருந்து பலாலிவரை

நெடுந்தீவில் விமான நிலையம் இல்லை. தேசப்படத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தால், அத்தீவுக்கும் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 50 கிலோமீற்றரே. மணிக்கு 500 கிலோமீற்றர் செல்லும் சிறு விமானத்துக்கு ஆறு நிமிடத் தூரம்.

தீவார் செல்லும் வழியோ வேறு. குறிகட்டுவான்வரை ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் படகு. பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று தாம்போதிகளைக் கடந்து யாழ்ப்பாணம். அங்கிருந்து வடக்கே பலாலி. பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் கூட்டினால் அரை நாள் போய்விடும்.

ஆறு நிமிடம் என்பதும் ஏட்டுக்கணக்குத்தான். 2019 நவம்பரில் பலாலிக்கும் சென்னைக்கும் விமான சேவை தொடங்கியது. நேர்கோட்டில் ஏறக்குறைய 355 கிலோமீற்றர். முக்கால் மணித்தியாலம் போதும் என்று தோன்றும். ஆயினும் ஓடுபாதையில் ஊர்வதும், மேலெழுவதும், இறங்குமுன் வேகந் தணிப்பதும் சேர்ந்து பயணத்தை ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக்குகின்றன. தூரம் குறையக் குறைய, இந்தச் சில்லறை நேரமே பெரும்பங்காகிவிடும். ஆறு நிமிடப் பறப்புக்கு விமானம் கட்டுப்படியாகாததன் காரணம் இதுவே.

ஆனால், சோளகக் காற்றில் கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்ட நாளில், நெடுந்தீவு வைத்தியசாலையில் ஒருவர் உயிருக்குப் போராடினால், கட்டுப்படியாகுமா என்று யாரும் பார்ப்பதில்லை. ஓடுபாதை வேண்டாத ஹெலிகொப்டர் அப்போது தீவிலேயே இறங்கி அவரை ஏற்றிச் செல்வதுண்டு.