வரைபடம் ஜாதகமல்ல!

கடலுக்குத் தண்ணீர் வார்த்தார் ஒருவர்!

கதையல்ல, நடந்தது. 1825-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஆளுநர் டிவிட் கிளிண்டன், துறைமுகத்துக்கு அப்பால் படகில் நின்றுகொண்டு, ஒரு பீப்பாய்த் தண்ணீரை அட்லாண்டிக் கடலில் கொட்டினார். கண்டவர் ஆரவாரம் செய்தனர்.

கடலுக்கா நீர்ப் பஞ்சம்? இல்லை, தோழர்களே! அது மலைகளுக்கு அப்பால், உள்நாட்டில் கிடக்கும் ஈரி ஏரியில் மொண்ட தண்ணீர். புதிதாக வெட்டிய கால்வாய் வழியே படகில் வந்த தண்ணீர். ஏரியும் கடலும் கைகோத்துவிட்டன என்று ஊரறியச் சொல்ல ஒரு சடங்கு. சடங்கு என்றால் நமக்குக் கசக்கும். ஆனால் இந்த ஒன்றை மன்னித்துவிடலாம். இதிலே மந்திரம் ஓதியது மண்வெட்டி!

ஏன் இந்தப் பழங்கதை என்று கேட்பீர்கள். பெரிய துறைமுக நகரங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், “அது அந்த ஊரின் யோகம்; இயற்கை கொடுத்த கொடை; நம்மால் ஆவதென்ன?” என்று கை விரிப்பவர் உண்டு. வரைபடத்தை ஜாதகக் கட்டமாக்கி, ஆற்றையும் மலையையும் கிரகங்களாக்கிப் பலன் சொல்லும் படித்தவர்கள்! அவர்களுக்கு விடை நியூயார்க்கில் இருக்கிறது.

1803-ஆம் ஆண்டு வரைபடத்தை விரியுங்கள். அமெரிக்காவின் தலைமைத் துறைமுகம் எதுவாகும் என்று பந்தயம் கட்டச் சொன்னால், விவரமறிந்தவர்கள் நியூ ஆர்லியன்ஸ் மீது கட்டியிருப்பர். மிசிசிப்பி என்னும் மாபெரும் ஆறு, ஒகாயோ, மிசூரி முதலிய ஆறுகளையெல்லாம் அணைத்துக்கொண்டு, கண்டத்தின் நடுமார்பு வழியே ஓடிவந்து கடலைச் சேருமிடத்தை ஒட்டிய ஊர் அது. விளைந்ததைப் படகில் ஏற்றினால் போதும். ஆறே இழுத்துவந்து சேர்க்கும். அந்த ஊர் கையில் வேண்டும் என்றுதான் அமெரிக்க அரசு பிரெஞ்சுக்காரரிடம் பேரம் பேசப் போயிற்று; அந்த ஆண்டிலே 1½ கோடி டாலருக்கு லூசியானா நிலப்பரப்பு முழுவதும் கைக்கு வந்தது.

வடக்கே கனடாவில் மான்ட்ரியல். பேரேரிகளின் நீரெல்லாம் செயின்ட் லாரன்ஸ் ஆறாக அதன் வாசலைத் தொட்டே கடலுக்குப் போகிறது. ஆனால், ஊருக்கு மேலே பாறைகளில் மோதிப் பாயும் லாச்சின் வெள்ளப்பாய்ச்சல், குளிர்காலத்தில் பனிக்கட்டி. கிழக்குக் கடற்பக்கத்தில் செல்வச் செழிப்பான பிலடெல்பியா. 1790 முதல் 1800 வரை நாட்டின் தலைநகர். ஆனால் மேற்கே நடந்தால் அல்லகெனி மலை மறிக்கிறது.

நியூயார்க்கிடம் என்ன இருந்தது? கடலை ஒட்டிய ஆழமான, காற்றுக்கு அடக்கமான துறைமுகம் இருந்தது. ஹட்சன் ஆறு இருந்தது. கடலின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 150 மைல் வரை உள்ளே போகும் அளவுக்குச் சமமான ஆறு. அதற்கு மேற்கே, மலைத்தொடர் ஒரே ஓரிடத்தில் தாழ்ந்து வழிவிடும் மோகாக் பள்ளத்தாக்கு இருந்தது. அவ்வளவுதான். ஆற்றுக்கும் ஏரிக்கும் இடையே காடும் சேறும் கல்லும் 363 மைல்! ஏரியோ ஆற்றைவிட 568 அடி உயரம்.

இயற்கை கதவைத் திறந்து வைத்தது. உள்ளே நடக்கக் கால் வேண்டாமா?

முதல் அடி எங்கே விழுந்தது தெரியுமா? சிறைச்சாலையில்! ஜெசி ஹாலி என்னும் மாவு வியாபாரி. சரக்கு அனுப்பும் செலவிலேயே நொடித்து, கடனுக்காகச் சிறை புகுந்தவர். அங்கே உட்கார்ந்து, ஏரிக்கும் ஹட்சனுக்கும் கால்வாய் வெட்டவேண்டும் என்று, 1807-இலும் 1808-இலும், ‘ஹெர்குலிஸ்’ என்ற புனைபெயரில் 14 கட்டுரைகளைப் பத்திரிகைக்கு எழுதினார். கடனாளியின் பிதற்றல் என்று சிரித்தவர் உண்டு. ஆனால் எழுத்தைப் பூட்டிவைக்கும் சிறையை இன்னும் எவரும் கட்டவில்லை!

1809-இல் குடியரசுத் தலைவர் ஜெபர்சனிடம் போனார்கள். அறிவாளர்தான், அவரே, இன்னும் நூறாண்டு கழித்துப் பேசவேண்டியதை இன்று பேசுவது பைத்தியத்துக்கு அடுத்த படி என்ற பொருளில் பதிலுரைத்தார். கால்வாய்களுக்கும் சாலைகளுக்கும் நிதி ஒதுக்கும் மசோதாவை 1817-இல் குடியரசுத் தலைவர் மாடிசன் தள்ளுபடி செய்தார். மத்திய அரசு கைவிட்டது, மாநிலமே துணிந்தது. அதே ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் மண்வெட்டி மண்ணைத் தொட்டது. “கிளிண்டனின் சாக்கடை” என்று எள்ளினர் எதிரிகள். அம்மட்டோ! வேலை முடியும் தறுவாயில், 1824-இல், கிளிண்டனைக் கால்வாய்க் குழுவிலிருந்தே நீக்கினர். மக்கள் விட்டார்களா? அவ்வாண்டுத் தேர்தலில் அவரையே ஆளுநராக்கி அனுப்பினர்.

கிளிண்டன் பெயர் ஏட்டில் இருக்கிறது. வெட்டியவர் பெயர்?

உள்ளூர் உழவர்கள், பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த அயர்லாந்து ஏழைகள் எனப் பல்லாயிரவர். பலருக்கு நாளுக்கு ஒரு டாலர்கூட எட்டாத கூலி. மரத்தை வேரோடு பெயர்த்தனர்; லாக்போர்ட்டில் பாறையை வெடிவைத்துப் பிளந்தனர். 1819 கோடையில் மான்டிசூமா சதுப்பில், இடுப்பளவுச் சேற்றில், கொசுக்கடியில் ஆயிரம் பேர் அளவில் காய்ச்சலில் விழுந்தனர். விழுந்தவர் பலர் எழவேயில்லை. தலைமைப் பொறியாளராக நின்றவர்களும் பொறியியல் கல்லூரி வாசலை மிதித்தவர்களல்லர். நிலம் அளந்து பழகியவர்கள். இரு புறமும் கதவு வைத்த கல்தொட்டிகள் 83 கட்டினர். படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி நீரை விட்டால், படகு படியேறுவதுபோல் மேலே ஏறும். 40 அடி அகலம், 4 அடி ஆழம். எட்டே ஆண்டில் முடிந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மோகாக் முதலிய பழங்குடியினர் நிலமிழந்த பிறகே இதெல்லாம் நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

பலன்? பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கு வரச் சுமார் 100 டாலர் ஆயிற்று. கால்வாய்க்குப் பின் சுமார் 10 டாலர்! 1820-இல் 1,23,706 பேர் வாழ்ந்த நகரம், 1860-இல் 8,13,669 பேர் வாழும் மாநகரம்.

“கால்வாய் வருமுன்பே நியூயார்க் முன்னேறிக்கொண்டுதானே இருந்தது?” என்று கேட்கலாம். உண்மை. 1818-லேயே, சரக்கு நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் குறித்த நாளில் லிவர்பூலுக்குக் கப்பல் விட்ட ஊர் அது. கடல்முகம் அதற்கு முன்பே இருந்தது. கண்டத்தின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக் கொடுத்தது கால்வாய்.

இனி, நடவாததை எண்ணிப் பார்ப்போம்.

அந்த மலைவழியே இல்லாதிருந்தால்? பிலடெல்பியா பட்ட பாடுதான். அந்த மாநிலமும் கால்வாய் வெட்டிற்று, நடுவே மலை. 1834-இல், 36 மைல் தண்டவாளம் போட்டு, 10 சரிவுகளில் கயிறு கட்டி இழுத்து மலை தாண்டினர். வியக்கத்தக்க வேலை, ஆனால் நியூயார்க்கின் நீர்வழியோடு போட்டியிட முடியவில்லை. ஆகவே, இயற்கை ஒன்றுமில்லை என்று நாம் வாய்வீச்சு வீசமாட்டோம்.

மலைவழி இருந்தும், மாடிசன் மறுத்தது போதும் என்று மாநிலமும் ஓய்ந்திருந்தால்? கோதுமை ஊரில் கிடந்து அழுகாது. வேறு வழி தேடும். ஒரு பங்கு மான்ட்ரியலுக்கு. அங்கே லாச்சின் கால்வாய் 1825-இலும், நயாகராவைச் சுற்றிச் செல்லும் வெல்லண்ட் கால்வாய் 1829-இலும் திறந்தன. பெரும் பங்கோ மிசிசிப்பி வழியே நியூ ஆர்லியன்சுக்கு. கால்வாய் திறந்த பின்னும் 1830-களில் சில ஆண்டுகள் ஏற்றுமதியில் நியூயார்க்கையே முந்திய ஊர் அது. போட்டி இல்லாதிருந்தால்?

இங்கேதான் தோழர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். நியூ ஆர்லியன்ஸ் பருத்திச் சந்தை மட்டுமா? நாட்டிலேயே பெரிய அடிமைச் சந்தை! 1828-இலும் 1831-இலும் தட்டைப் படகில் சரக்கேற்றி அங்கே போன ஓர் இளைஞன், ஆபிரகாம் லிங்கன். ஒகாயோ, இந்தியானா, இல்லினாய் உழவர்களின் வயிற்றுப்பாடு முழுவதும் அந்த ஊரின் தயவில் இருந்திருந்தால், 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர்கள் அடிமை முதலாளிகளை எதிர்த்து அவ்வளவு உறுதியாக நின்றிருப்பார்களா? கால்வாயும், அதன் பின் வந்த இரயிலும், அவர்கள் வாழ்வை வடக்கோடு முடிச்சுப் போட்டிருந்தன. கோதுமை போன வழியே கொள்கையும் போயிற்று!

நியூயார்க் வணிகர் உத்தமர் என்று சான்றிதழ் எழுதவில்லை நாம். தெற்கின் பருத்தி வணிகத்தில் கொழுத்தவர்கள் அவர்கள். 1861 ஜனவரியில், நகரமே தனியாகப் பிரிந்துகொள்ளலாம் என்று பேசினார் மேயர் பெர்னாண்டோ உட். நாம் புகழ்வது பண்டசாலைப் பிரபுக்களையல்ல; வழி வெட்டியவர்களை.

அந்தப் பெருமையும் சாசனம் எழுதிக் கொடுத்ததல்ல. 1956-இல் அண்டை மாநிலமான நியூ ஜெர்சியின் நேவார்க்கிலிருந்து இரும்புப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஒரு கப்பல் புறப்பட்டது. பெட்டிகளை அடுக்க விரிந்த நிலம் வேண்டும், மன்ஹாட்டனில் ஏது? சரக்கு எதிர்க்கரைக்குப் போயிற்று; மூட்டை சுமந்த தோள்கள் வேலையிழந்தன. ஹட்சன் அன்று ஓடிய இடத்திலேதான் இன்றும் ஓடுகிறது! பழைய துறைமேடைகள் பலவற்றில் இன்று பூங்கா.

நம் ஊர்த் துறைமுகத்தில் வியர்வை சிந்தும் தோழனே, உன் பிள்ளை பள்ளியில் வரைபடம் விரிக்கும்போது இதைச் சொல். அதிலே நீலக்கோடாக ஓடுவதெல்லாம் இயற்கை இழுத்த கோடல்ல. சில கோடுகள் மண்வெட்டியால் இழுத்தவை. இழுத்தவன் பெயர் எந்த மூலையிலும் எழுதப்படவில்லை.

ஆறு கடலைத் தேடித் தானாக ஓடும். கால்வாய் தானாக ஓடாது, தோழா!